சங்கரலிங்கம் உண்டோ?

மட்டாஞ்சேரி
12-6-1983

கரிவலத்தில் இருக்கும் அழகம்மாள் அக்காவுக்கு ஆவுடையம்மாள் எழுதிக்கொண்டது. நானும் மகள் பேச்சியம்மாளும் பேரப்பிள்ளைகளும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உங்களுக்கும் அத்தானுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

பத்தொன்பது வருஷம் கழித்து இவள் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். சமாதானமாகி எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை செத்தது 1964 பங்குனி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. எங்களுக்குச் சேதி வந்தது சனிக்கிழமை. அதுவும் தந்தி இல்லை, கார்டு. நாங்கள் ஊரில் வந்து இறங்கிய திங்கட்கிழமை காடாற்று முடிந்து சாம்பலையும் கரைத்தாகிவிட்டது. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இளைய மகன். இவர் வெறும் தரையில் விழுந்து புரண்டதை நான் பார்த்தேன். தபாலாபீசுக்கு ஓடினது நீங்கள்தான் என்று ஊரே சொன்னது. ஓடினவர் ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். அத்தை எனக்கென்று சொல்லிவைத்த பாக்குவெட்டி உங்கள் இடுப்பில் இருந்ததையும் அன்றே பார்த்தேன். அதை விடுங்கள்.

இப்போது காரியம். புருஷன் பேரையோ மூத்தார் பேரையோ வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் குற்றமில்லை என்று எழுதுகிறேன். அத்தான் அய்யாசாமி 1951-இல் இந்த மிளகு, சுக்குக் கம்பெனியிலிருந்து காய்ச்சலோடு ஊருக்குப் போனார். இடம் போய்விடக் கூடாது என்று தம்பி சங்கரலிங்கத்தை நிறுத்திவிட்டுப் போனார். மேஸ்திரிக்குப் புதுப் பேர் எழுதச் சோம்பல். "அண்ணன் பேர்லயே நில்லுடா" என்றார். அத்தான் திரும்பி வரவில்லை. பேரும் திரும்பிப் போகவில்லை. சம்பளப் புஸ்தகம், யூனியன், பிறகு வந்த இன்சூரன்ஸ் அட்டை எல்லாவற்றிலும் இவர் அய்யாசாமி. வீட்டிலும் ரேஷன் கார்டிலும் சங்கரலிங்கம்.

முப்பத்திரண்டு வருஷம் சுக்குக்குச் சுண்ணாம்பு ஏற்றுகிற கிட்டங்கியில் நின்று நெஞ்சு முழுக்கத் தூசி. இரண்டு மாதமாக எர்ணாகுளத்தில் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டாக்டர் சொல்வது, இனி ஊசி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தினம் சில மணி நேரம் சிலிண்டர் வைத்து ஆக்ஸிஜன் பிடிக்க வேண்டும். சிலிண்டரை இன்சூரன்ஸிலேயே வீட்டுக்குத் தருவார்கள், தீர்ந்தால் மாற்றியும் தருவார்கள். ஆனால் அட்டைக்காரர் வீட்டுக்குத்தான் தருவார்கள். வீட்டுக்கு அத்தாட்சியாக ரேஷன் கார்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். "அய்யாசாமியின் வீடு எங்கே?" என்கிறார்கள்.

அத்தான் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். 1951-க்குப் பிறகு தான் கொச்சியில் வேலை பார்க்கவில்லை, தன் பேரில் பார்த்தது தம்பி என்று. அவ்வளவுதான். இது எனக்காக இல்லை. இவர் மூச்சுக்காக.

இப்படிக்கு
ஆவுடையம்மாள்


கரிவலம்
3-7-1983

ஆவுடைக்கு அழகம்மாள் எழுதினது. உன் கடுதாசி வந்தது. இங்கே மழை இல்லை, கிணறு அடியோடு வற்றிவிட்டது. மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. உன் அத்தானுக்கு முழங்கால் வலி, மற்றபடி நடமாட்டம் உண்டு. டீக்கடையை அவர்தான் பார்க்கிறார்.

கொழுந்தனுக்கு இப்படி ஆகிவிட்டதென்று படித்ததும் அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வெந்நீர் குடிக்கச் சொல். தலையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்.

தாள் விஷயம் அவரிடம் சொன்னேன். பழைய விஷயம் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. பேச்சியம்மாள் பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அழகம்மாள்


மட்டாஞ்சேரி
11-7-1983

அழகம்மாள் அக்காவுக்கு. எல்லோரும் இருக்கிறோம். இவரும் இருக்கிறார்.

மாட்டுக்குக் கன்று பிறந்ததில் சந்தோஷம். தாள் எங்கே?

இங்கே நடக்கிறதைக் கேளுங்கள். வார்டில் கட்டில் பத்தாது. கொஞ்சம் மூச்சு சீராகிறதென்றால் வீட்டுக்குப் போ என்கிறார்கள். போட்டில் ஏற்றி மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறக்கி, நாலு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி மரப்படி ஏற்றி வீட்டில் விட்டால், மூன்றாம் நாள் உதடு நீலமாகிறது. மறுபடி போட். இப்படி இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாம் தடவை போட் நடுக்காயலில் இருக்கும்போதே என்ன ஆகுமோ என்று போட்டுக்காரருக்கே பயம். நர்சு ஓமனா என்று ஒருத்தி. சின்ன வயசுதான், ஆனால் வாய் பெரியது. "அம்மச்சி, சிலிண்டர் வீட்டில உண்டெங்கில் இந்தப் பாடு வேண்டா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். எனக்குத் தெரியாதா?

இன்சூரன்ஸ் ஆபீசில் என்னை உட்காரவைத்துப் புருஷன் பேர் என்ன என்றார்கள். பேச்சியைப் பார்த்தேன், அவள் விண்ணப்பப் பாரம் வாங்க வரிசையில் நின்றாள். நான் எப்படிச் சொல்வது? இன்னொரு தரம் கேட்டார்கள். ரேஷன் கார்டைக் காட்டினேன். "அட்டையில் ஒரு பேர், கார்டில் ஒரு பேர், பெண்டாட்டி வாயே திறக்கவில்லை" என்று மலையாளத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைப்பு. முப்பது வருஷமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், மலையாளம் புரியாதா? திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வையையும் உங்கள் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

அத்தானிடம் நேராகச் சொல்லுங்கள். தம்பிக்கு ஒரு கையெழுத்து.

ஆவுடையம்மாள்


கரிவலம்
29-8-1983

ஆவுடைக்கு. எல்லோரும் சுகம் என்று எழுதுவதற்கில்லை. உன் அத்தான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை.

நீ நினைக்கிற மாதிரி வீம்பு இல்லை. கடைக்கு வருகிற ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் இவர் யோசனை கேட்டிருக்கிறார். அவர், "ஆள்மாறாட்டம் வே அது. எழுதிக் குடுத்தா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் உள்ள போகணும். முப்பது வருஷத்து மருந்துச் செலவையும் திருப்பிக் கேப்பான்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கடை வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார். போன வாரம் வந்தது தபால்காரர்.

"தம்பிக்கு மூச்சு குடுக்கப் போயி தம்பிய ஜெயிலுக்கு அனுப்பிட்டா என்ன செய்ய?" என்று கேட்கிறார். அங்கே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. நீ எழுதினால் நம்புவார். நீ பொய் எழுத மாட்டாய் என்கிறார்.

அழகம்மாள்


மட்டாஞ்சேரி
4-9-1983

அக்காவுக்கும் அத்தானுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இருவரும் தைரியமாக இருக்க வேண்டும்.

கடுதாசி வந்த அன்றே யூனியன் ஆபீசுக்குப் போனேன். அவர்களோடு இன்சூரன்ஸ் பெரிய ஆபீசருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னார். ஒரு வேலை, ஒரு சம்பளம், ஒரு ஆளுக்குத்தான் மருந்து போயிருக்கிறது. இரண்டு பேர் வாங்கியிருந்தால்தான் வழக்கு. நாமாகவே வந்து சொல்லிவிட்டோம், அண்ணன் தாள் கொடுத்தால், கம்பெனியில் பழகினவர் யாராவது இதே ஆள்தான் என்று சாட்சி சொன்னால், பேரைத் திருத்திக் கொடுப்போம் என்றார். ஜெயிலா என்று நானே கேட்டேன். சிரித்தார். "ஜெயிலில் ஆக்ஸிஜன் ஆரு கொடுக்கும்?" என்றார். இதை அப்படியே அத்தானிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் குமாஸ்தா எந்தத் தெரு, யார் மகன் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவர் உங்களை நெருக்க வேண்டாம் என்கிறார். மூக்கில் குழாயோடு, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணன் பேர்ல சாப்பிட்டாச்சு. அண்ணன் பேர்லயே போயிருதேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். சொந்தப் பேரில் பிழைத்துக்கொள்ளச் சொல்லி.

ஆவுடையம்மாள்


கரிவலம்
20-9-1983

ஆவுடைக்கு. இங்கே இரண்டு நாளாக மழை. மனசும் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

தாள் ரிஜிஸ்தர் தபாலில் தனியாக வருகிறது. சங்கரன்கோவிலுக்கு இருவருமாகப் போய் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டார். வக்கீல் படித்துக் காட்டும்போது "என் பேரில் வேலை பார்த்தது என் உடன்பிறந்த தம்பி சங்கரலிங்கம்" என்கிற வரி வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "குடுத்த சட்டையத் திரும்ப வாங்குன மாதிரி இருக்கு" என்றார். அதற்கு அர்த்தம் சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

குமாஸ்தா பேரை எழுத மாட்டேன். உன்னைத் தெரியும்.

அழகம்மாள்


மட்டாஞ்சேரி
15-10-1983

அக்காவுக்கு. தாள் வந்து சேர்ந்தது. ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். அத்தானை நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

சாட்சிக்கு ஆள் வேண்டுமே. கம்பெனியில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த நாணு நாயர் சுள்ளிக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் பேச்சியும் போனோம். சாயா கொடுத்தார். விஷயத்தைப் பேச்சி சொன்னாள். அய்யாசாமி இல்லை, சங்கரலிங்கம் என்று அவள் சொன்னதும் மனுஷன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சொன்னார், அந்தப் பேருக்கு ஒரு கம்பி வந்தது என்று. இங்கே தந்திக்குக் கம்பி என்பார்கள். 64-இலா 65-இலா நினைவில்லையாம். மரணச் செய்தி என்று மேலே அடையாளம் போட்டிருந்ததாம். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாராம். அப்படி ஒரு பேர் இல்லை. "ஆளில்லா" என்று எழுதித் திருப்பி அனுப்பினாராம். யாருடைய சாவோ, யார் காத்திருக்கிறார்களோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம், அதனால்தான் மறக்கவில்லையாம்.

அவர் மேஜைக்கும் இவர் சுக்குப் புடைத்த இடத்துக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார். இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பேச்சியும் சொல்ல மாட்டாள்.

அக்கா, நீங்கள் தந்தி கொடுத்தீர்களா?

ஆவுடையம்மாள்


மட்டாஞ்சேரி
20-11-1983

அக்காவுக்கு. சுகம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாணு நாயர் போட்டில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பேர் திருத்தக் காகிதம் மேலே போயிருக்கிறது.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல் இருக்க முடியவில்லை. அதனால் கேட்டேன்.

ஆவுடை


கரிவலம்
2-12-1983

அன்புள்ள ஆவுடைக்கு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரியில் தரையில் படுத்து உனக்கு ஏதாவது வந்துவிட்டால் கொழுந்தனுக்கு யார்?

கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில். இவர் மூங்கில் வெட்டவும் ஆள் சொல்லவும் ஓடிவிட்டார், தபாலாபீசுக்கு நான் போனேன். வீட்டு விலாசத்துக்குப் போனால் கொழுந்தன் சாயங்காலம்தான் பார்ப்பார், கம்பெனிக்குப் போட்டால் உடனே கிடைக்கும் என்று நினைத்தேன். போஸ்ட்மாஸ்டர் யார் பேருக்கு என்றார்.

கம்பெனியில் அவர் என் புருஷன் பேரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாமலில்லை ஆவுடை. தெரியும். ஆனால் அந்தப் பேர் என் வாயில் வராது. எழுதிக் காட்டியிருக்கலாம், தாளும் பென்சிலும் எதிரில் இருந்தது. சாவுத் தந்தியில், உயிரோடு இருக்கிற என் புருஷன் பேரை என் கையால் எப்படி எழுதுவேன்? வீட்டில் பிணம் கிடக்கிறது. கை போகவில்லை. கொழுந்தன் பேரைச் சொல்லிவிட்டேன். ஒரே தமிழாட்கள், யாராவது சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். மறுநாள் பயம் வந்துதான் கார்டு போட்டேன். புதன்கிழமை இருட்டும்வரை வைத்திருந்தோம். அதற்கு மேல் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் வந்துபோன பிறகு, ஆள் இல்லை என்று தபாலாபீசிலிருந்து சீட்டு வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். இவரிடம் காட்டினேன். "நான் குடுத்த பேராலதான் தம்பி கொள்ளி வைக்க முடியாமப் போச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். அவன் தாங்க மாட்டான்" என்றார். அப்போது ஆவுடை என்னைத்தானே பேசுவாள் என்றேன். "பேசட்டும்" என்றார். அவருக்கு என்ன, பேச்சு வாங்கினது நான்.

தம்பிக்காகத்தான் வாயை மூடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பாதி அதுதான். பாதி, என் கை போகாததை யாரிடமும் சொல்ல வெட்கம். இத்தனை வருஷமாக நீ திட்டியது எனக்கு ஒரு வகையில் சௌகரியமாகத்தான் இருந்தது.

இனி உன் இஷ்டம்.

அழகம்மாள்


மட்டாஞ்சேரி
18-1-1984

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை எழுதுகிறது. நாங்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறோம். எல்லோரும் என்றால் எல்லோரும். அத்தான் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடுதாசிக்கு ஒன்றரை மாதம் பதில் எழுதவில்லை. கோபமில்லை. பத்தொன்பது வருஷத்துச் சாமானை ஒரே நாளில் எப்படி இறக்குவது? அந்தத் தபாலாபீசில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அரிசி களைகிறபோதும் துணி துவைக்கிறபோதும் யோசித்துப் பார்த்தேன். என் கையும் போயிருக்காது. இதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு நாள்.

போன வியாழக்கிழமை திருத்தின அட்டை வந்தது. இவருக்குக் கையெழுத்தே அய்யாசாமி என்றுதான் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்துத் தெரியாது. சங்கரலிங்கம் என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாளாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். 'ங்'கில் வந்து மூச்சு வாங்கிக்கொள்வார்.

நேற்று சிலிண்டர் வந்தது. ஓமனாவும் கூட வந்தாள், மாட்டிக் காட்ட. வேன் சந்துக்குள் வராது என்று தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஸ்டோர் ஆள் நோட்டோடு வந்து கீழே நின்று, "சங்கரலிங்கம் உண்டோ?" என்று கூப்பிட்டான். இவர் ஜன்னலோரம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அசையவில்லை. வெளியாள் யாராவது கூப்பிட்டால் அய்யாசாமி என்றுதான் இவர் காது திறக்கும். அவன் இரண்டாம் தரம் கூப்பிட்டான். பேச்சி கடைக்குப் போயிருந்தாள். கிட்டங்கித் தோழர்கள் நாலு பேர் தூக்கவென்று நின்றார்கள், அவர்களுக்கும் அந்தப் பேர் பழக்கமில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "ஆளில்லா" என்று சொல்லிக்கொண்டே அவன் நோட்டை மூடினான்.

அக்கா, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. மரப்படியில் இறங்கக்கூட இல்லை, மேலே நின்றபடியே, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "சங்கரலிங்கம் இவிடெ உண்டு!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் வாயில் அந்தப் பேர் வந்தது அப்போதுதான். இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. "பேரச் சொல்லிட்டியே" என்றார். "பின்ன, திருப்பி அனுப்பவா?" என்றேன்.

நாலு பேரும் மிளகு மூட்டை தூக்குகிற பாட்டோடு சிலிண்டரை ஏற்றினார்கள். நோட்டில் இவரே கையெழுத்துப் போட்டார். நான் சூடம் ஏற்றிக் காட்டப் போனேன். ஓமனா பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். "அம்மச்சிக்கு எல்லாரையும் ஒந்நிச்சுக் கொல்லணுமோ?" என்று ஒரே சத்தம், எல்லோரையும் ஒன்றாகக் கொல்லப் பார்க்கிறேனாம். பக்கத்தில் நெருப்பு ஆகாதாம், எண்ணெய்க் கை ஆகாதாம். அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். திறக்கிற சாவி என் முந்தானையில் இருக்கிறது. முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று பேத்தியே பார்த்துச் சொல்லிவிடுகிறாள். ராத்திரி இவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை.

நீங்கள் அனுப்பின தபாலாபீஸ் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். இவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்களோடு இனி நானும் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு சங்கடம்தான். தந்தி கொடுக்காதவள் என்று உங்களைத் திட்டுவதை நான் திடீரென்று நிறுத்தினால் இவருக்குச் சந்தேகம் வரும். அதனால் கொஞ்ச நாளைக்கு இவர் காதுபட வழக்கம்போலத் திட்டுவேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நேற்றுக்கூடத் திட்டினேன், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, இருமல் மாதிரி சமாளித்தேன்.

சித்திரையில் இருவரும் வர வேண்டும். அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ளட்டும். வரும்போது பாக்குவெட்டியை எடுத்து வாருங்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தங்கச்சி
ஆவுடை